குடல் இல்லாத மீன்கள்

பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மீன் குடலில் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அது ஒத்துவந்தால் மேற்படிப்பு. இல்லையென்றால் வேறு வழி.

"உங்க ஊர் மீன் கொண்டு வாங்க" என்றார் பேராசிரியை. கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்துக்குப் போய் உம்மாவிடம், "மேடத்துக்கு மீன் வேணும்" என்றேன். எதற்கென்று சொல்லவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில், எல்லோர் முன்னாலும், உம்மா கட்டிக் கொடுத்த ஐஸ் பெட்டியைத் திறந்தேன். அத்தனை மீனும் செதில் உரசி, வயிறு கீறி, குடல் எடுத்து, மஞ்சள் தடவியிருந்தது!

அழுதுகொண்டே உம்மாவுக்கு போன் போட்டேன்.

"பெரிய மனுசிக்குக் குடுக்குற மீனைக் கழுவாமயா குடுப்பாக?" என்றார் உம்மா.

பேராசிரியை போனை வாங்கினார். "தப்பில்லைங்கம்மா. எங்களுக்குக் குடல்தான் வேணும்."

"கொடலையா திங்கப் போறீக?"

பேராசிரியை சிரித்த சிரிப்பில் என் அழுகை நின்றுவிட்டது. "கடல்ல மீன் இருக்குல்ல? இன்னொரு தடவை போய்ட்டு வாங்க" என்றார் என்னிடம்.

மதியம் எல்லோருமாக அந்த மீனைப் பொரித்துச் சாப்பிட்டோம். மேற்படிப்புக்கு இங்கேயே வருவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது மீன் கொடுத்துவிடும்போதெல்லாம் உம்மா தவறாமல் கேட்கிறார்: "சோத்துக்கா, படிப்புக்கா?"