ஆல்கஹாலில் துடைத்த கை

முனைவர் பட்டம் வரை நான் வேதியியல்காரி. கரிமச் சேர்மங்களை உருவாக்குவது, சுத்தப்படுத்துவது, குடுவை கழுவுவது. புனேவுக்கு வந்த பிறகுதான், நான் உருவாக்கும் சேர்மங்களை நானே புற்றுநோய்ச் செல்கள்மேல் சோதிக்கும் வேலைக்கு மாறினேன். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது மகளுக்கு ஏழு மாதம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவர் பகலில் அவளைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு துறையிலும் கையுறை உண்டு. வேதியியல் கூடத்தில் கையுறைதான் அழுக்கு. அதோடு கதவைத் தொட்டால் திட்டு விழும். செல்களை வளர்க்கும் செல் அறையில் மனிதக் கைதான் அழுக்கு. கையுறைமேல் ஆல்கஹால் தெளித்துத் தேய்த்துக்கொண்டால் எதையும் தொடலாம். நுண்ணோக்கியில் தெரிவதைப் படம் எடுக்க, போனையும் அப்படியே துடைத்து உள்ளே கொண்டுபோவோம். நான் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டியதைப் பார்த்து, புனேவை ஒட்டிய தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணான என் ஆய்வுத் தோழி சிரித்தாள்.

"அக்கா, இங்க கிளவுஸ் உங்களக் காப்பாத்த இல்ல. செல்லக் காப்பாத்த. சமஜ்லோ."

புரிந்துகொண்டேன். பழகியும் போனேன்.

விடுப்பு முடிந்து திரும்பிய அதே மாதத்தில் ஒரு மதியம் செல் அறையிலிருந்து என் சேர்மம் மிச்சமிருந்த குப்பியை எடுத்துக்கொண்டு, கையுறையோடே வேதியியல் கூடத்துக்கு வந்தேன். சேர்மம் சுத்தமா என்று பார்க்கும் தகட்டைப் புறஊதா விளக்கின் கீழ் நீட்டியபோது தகட்டைவிட என் விரல்நுனிகள் பிரகாசமாகத் தெரிந்தன. பச்சை. என் சேர்மம் அந்த ஒளியில் பச்சையாகத்தான் மின்னும். சற்று முன்தான் அந்தக் கையை ஆல்கஹாலில் துடைத்திருந்தேன். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். என் சேர்மத்தையோ கரைக்கும், கரைத்து மெல்லிசாகப் பரப்பும். கல்லூரிப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்.

போனை விளக்கின் கீழ் வைத்தேன். ஓரமெல்லாம் பச்சை.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் கேட்பது அந்தப் போனைத்தான். பல் முளைக்கிற ஈறில் வைத்து அதன் ஓரத்தைக் கடிப்பாள். அந்தச் சேர்மத்தின் குணமே வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வது. ஏழு மாதக் குழந்தையின் உடம்பில் எது வேகமாகப் பெருகவில்லை?

துணி சோப்புகூட அந்த ஒளியில் மின்னும், ஆனால் நீலமாக. இருந்தாலும் உறுதி வேண்டும். போன் ஓரத்தைப் பஞ்சால் ஒற்றி, கரைத்து, புதுத் தகட்டின் அடியில் ஒரு துளி வைத்தேன். பக்கத்தில் சுத்தமான சேர்மம் ஒரு துளி. தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் ஒவ்வொரு சேர்மமும் தனக்கென்று உள்ள உயரத்துக்கு ஏறும். ஈரம் தகட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு உயரம், வேறு உயரம் என்று வேண்டிக்கொண்டேன். விளக்கில் காட்டினேன். இரண்டு பச்சைப் புள்ளிகள், ஒரே மட்டத்தில்.

மேசைத் தொலைபேசியிலிருந்து கணவரை அழைத்தேன்.

"பாப்பா வாயில புண்ணு ஏதாச்சும் பாத்தீங்களா?"

"இல்லியே. தூங்கறா. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்துவிட்டது. பின்னால் வந்து நின்ற தோழி தகட்டைப் பார்த்தாள்.

"அக்கா, ரோனா பாத் மே, அப்புறம் அழலாம். மொதல்ல இத போட்டோ எடுத்து மேடத்துக்குக் காட்டணும்" என்று தன் போனை எடுத்தவள், அப்படியே நின்றாள். பிறகு அதை விளக்கின் கீழ் வைத்தாள். அதுவும் பச்சை.

எங்கள் நெறியாளரான மேடம் திட்டவில்லை. அன்றைக்கே செல் அறைக்குள் போன் வரக் கூடாது என்றார். மகளின் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, மிக மிகக் குறைவு என்றார். அதையே குழந்தை மருத்துவரும் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டதற்காகத்தான் ரத்தம் எடுக்கச் சம்மதித்தார். இந்த மாதிரிச் சேர்மம் முதலில் அடிப்பது ரத்த அணுக்களைத்தான். ஊசி குத்தும்போது மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கதறினாள்.

மறுநாள் முடிவு வந்தது. எல்லா அணுக்களும் இருக்கவேண்டிய அளவில்.

"அப்பாடா. இன்னொரு தடவ எடுக்கணுங்கறயா?" என்றார் கணவர். ஆய்வகத்தில் ஒற்றை அளவீட்டை நான் ஏற்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

"வேண்டாங்க, பாவம்" என்றேன்.

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனதும், மருத்துவரை அழைத்து அடுத்த வாரத்தில் ஒரு நேரம் கேட்டேன்.