அது காட்டுப் புல் இல்லை!

முந்தாநாள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம். நீலப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று தலை கவிழ்ந்து தொங்கும் ஒரு கதிர். கீழே, 'ஜவ்வாது மலைக் காட்டுப் புல் – வெயில் வரைந்த ஓவியம். அடுத்த பயிற்சிக்கு முன்பதிவு செய்யுங்கள்!'

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த காபி ஆறிப்போனது. அது புல்லே இல்லை. அந்தக் கதிர் யாருடையது என்பதும் எனக்குத் தெரியும்.

சமீபத்தில் அந்தப் பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். 'சயனோடைப்' என்று பெயர். ரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் இலையையோ பூவையோ வைத்து, கண்ணாடியால் மூடி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் நீலம், செடி இருந்த இடம் மட்டும் வெள்ளை. கேமரா வேண்டாம், கரண்ட் வேண்டாம். அழகுதான்... அதை மறுக்கவில்லை.

பயிற்சி தந்தவர் சென்னைக்காரர். "சுத்தியிருக்கிற செடி எது வேணா பறிச்சுக்கலாம். நல்ல ஸ்பாட்டா பார்த்து மார்க் பண்ணச் சொல்லி நம்ம பசங்ககிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். நான் இருட்டறைக்குள் காகிதத்துக்கு ரசாயனம் பூசிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பறிக்கக் கிளம்பினார்கள்.

ஓரிடத்தில் குச்சிகள் நட்டு, சிவப்புப் புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்ததாம். உள்ளே தளதளவென்று கதிர்கள். ஓஹோ, மார்க் பண்ணிய ஸ்பாட் இதுதான் என்று மொத்தத்தையும் ஒடித்து வந்துவிட்டார்கள்!

கண்ணாடிகளுக்கு அடியில் கதிர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தார். பெயர் காசியம்மா. பக்கத்துக் கொல்லை அவருடையது. மானாவாரி நிலத்தை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"இன்னாங்க பண்ணி வச்சிக்கிறீங்க? சாமைங்க அது! ஒரு பிடி வெதை வாங்கியாந்து இந்த ஒரு பாத்திதான் போட்டேன். வெதைக்குன்னு துணி கட்டி வுட்டிருந்தேன். ஆடுகூட அந்தத் துணியத் தாண்டலீங்க!"

"டென்ஷன் ஆகாதீங்கக்கா. புல்லு மாதிரிதானே இருந்துது? மழை பெஞ்சா திரும்ப வளரும்" என்றார் பயிற்சியாளர்.

"பால் கதுருங்க, இன்னும் முத்தல. இத வெதைச்சா மொளைக்காது. வர்ற வருசம் நான் எத்த வெதைப்பேன்?"

சொல்லிக்கொண்டே அவர் குனிந்து ஒரு கண்ணாடியைத் தூக்கப் போனார். எங்கள் குழுவில் ஓர் அம்மணி அலறினார் – "ஐயோ, தொடாதீங்க! இன்னும் அஞ்சு நிமிஷம். இப்ப எடுத்தா பிரிண்ட் போயிடும்!"

காசியம்மா கையை இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றார். தான் விதைத்த சாமையைத் தொட அடுத்தவர் அனுமதிக்குக் காத்து நிற்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போனா போகட்டும் உங்க பிரிண்ட்" என்று கத்திவிட்டு, வரிசையாக எல்லாக் கண்ணாடியையும் நானே தூக்கினேன். அன்றிலிருந்து குழுவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ரொம்ப நல்லது.

அடுக்ககத்தில் எதிர்வீட்டுத் தொட்டியிலிருந்து கேட்காமல் ஒரு கொத்து கறிவேப்பிலை கிள்ளிப் பாருங்கள்... அசோசியேஷன் மீட்டிங் வரை போகும். அதே ஆட்களுக்கு மலையேறியதும் கண்ணில் படுவதெல்லாம் காடாகிவிடுகிறது. காடு என்றால் கேட்பாரில்லை என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தது?

கடைசியில் பயிற்சியாளர் என்ன செய்தார் தெரியுமா? எங்களுக்குச் செய்து காட்ட முதலிலேயே அலசிக் காயப்போட்டிருந்த ஒரு பிரிண்ட்டைக் காசியம்மாவிடம் நீட்டினார். "வச்சுக்கோங்கக்கா. ஃப்ரேம் போட்டே தர்றோம்."

காசியம்மா அதை உற்றுப் பார்த்தார். "வெள்ளையா கீதே, இன்னாங்க இது?"

"அதுதான்க்கா உங்க சாமை இருந்த இடம். அங்க மட்டும் காலியா நிக்கும்."

"அந்தக் காலி எடத்ததான் கொல்லையில பாத்துட்டு வர்றேனே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த பிரிண்ட்டைத்தான் இப்போது விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். 'இது காட்டுப் புல் இல்லை, காசியம்மாவின் விதைச் சாமை' என்று கீழேயே பதில் எழுதினேன். இதுவரை மூன்று பேர் அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார்கள் – நீலக் கலரில்!