அண்ணி வைத்த சூனியம்

என் அண்ணி வீட்டிலிருந்தே தனியாகப் படித்து மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குத் தயாரான வருஷம், அவள் எங்களுக்குச் சூனியம் வைக்கிறாள் என்று நானும் அம்மாவும் திடமாக நம்பினோம். அப்போது எனக்கு எட்டு வயது. அண்ணன் குண்டக்கல்லில் ரயில்வே வேலையில் இருந்தான். அப்பா ஆபீசுக்குப் போய்விட்டால் அல்சூர் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்தான்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அண்ணி உக்கிராண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்டால் அரிசியில் கல் பொறுக்குவதாகச் சொல்வாள். இரண்டு மணி நேரம் பொறுக்கியும் சோற்றில் கல் குறையவில்லை. முறுக்கு டப்பாவைக் காலி செய்கிறாள் என்பது என் சந்தேகம். அம்மாவின் சந்தேகம் இன்னும் பெரியது.

"அவ உள்ள என்னதான் செய்யறா? எட்டிப் பாத்துனு வா."

கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம், அதற்குள் முக்கோணம், மூலைக்கு மூலை புரியாத எழுத்து. எனக்குப் பள்ளியில் இங்கிலீஷும் ஆரம்பிக்கவில்லை, ஜாமெட்ரியும் ஆரம்பிக்கவில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள்.

"ஐயோ, மாட்ட மந்த்ரா!" என்றாள் அம்மா. பயம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்; சூனியத்தைத்தான் அப்படிச் சொன்னாள். பிள்ளை மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியே புருஷனை ஏன் வரவிடாமல் செய்வாள் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

மறுநாள் அண்ணி துணி உலர்த்தப் போன சமயம், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த நோட்டை எடுத்து வந்தேன். பக்கத்துக்குப் பக்கம் வட்டமும் முக்கோணமும். நடுவில் முத்திரை குத்திய காகிதம் ஒன்று. அம்மா கையால் தொடப் பயந்து, நோட்டை இடுக்கியால் பிடித்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். அந்தக் காகிதம்தான் ஹால் டிக்கெட் என்று பல வருஷம் கழித்து அண்ணன் சொன்னான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அண்ணி பானைகளையெல்லாம் இறக்கித் தேடினாள்.

"பாப்பா, ஒரு நோட்டு பாத்தியா?"

"அம்மா எரிச்சுட்டாங்க."

"உள்ள ஒரு காகிதம் இருந்துதே?"

"அதுவும்தான்."

இறக்கிய பானைகளை அண்ணி ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். அம்மாவிடம் போய் ஏன் என்று கேட்கவும் வழியில்லை. மருமகள் படிப்பது தெரிந்தால் வீடு இரண்டுபடும். பாஸான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் அண்ணனும் பேசி வைத்திருந்தார்களாம்.

மூன்றாம் நாள் பரீட்சை. கோயிலுக்கு என்று சொல்லி அவளை அழைத்துப் போக அண்ணன் காலையில் வந்து இறங்கினான்.

"பாத்தியா, எரிச்ச மூணாம் நாளே புள்ள வந்துட்டான்!" என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணனும் அண்ணியும் அறைக்குள் வெகுநேரம் மெதுவாகப் பேசினார்கள். பிறகு நிஜமாகவே கோயிலுக்குப் போய்விட்டு அரை மணியில் திரும்பினார்கள்.

அண்ணன் அவளுக்காக வாங்கி வந்திருந்த புதுப் பேனாவை அண்ணி என் கையில் வைத்தாள். "நீயே வச்சுக்கோ பாப்பா." என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். என்னைக் கண்டு பயந்துதான் கொடுக்கிறாள் என்று நினைத்து, சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.