வானத்திலிருந்து பார்த்தால் சத்திரப்பட்டி

எங்கள் மூன்று பேருக்கும் விமானப் பைத்தியம். ஒருவர் விமானப் படையில் இன்ஜின் பிரித்து மாட்டி ஓய்வு பெற்றவர். இப்போது சுந்தரபாண்டியத்தில் தென்னந்தோப்பு பார்க்கிறார். அவரை அண்ணாச்சி என்போம். இன்னொருவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தறி வைத்திருக்கிற நண்பர். மூன்றாவது ஆள் நான். ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை மாடியில் கூடுவோம். அங்கே ஒரு ஏரியல் நிற்கிறது. குடைக்கம்பியும் பிவிசி குழாயும் வைத்து நானே செய்தது. மேலே போகிற விமானம் தன் உயரத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே போகும். அதை இந்த ஏரியல் பிடித்து லேப்டாப்பில் போடும். எங்கிருந்து எங்கே போகிறது, உள்ளே யார் தூங்குகிறார்கள், யார் ஊரைப் பார்க்கிறார்கள் என்று பேச ஆரம்பிப்போம். ஆனால் எங்கள் பேச்சு எப்போதும் மேலே கிளம்பிக் கீழேதான் வந்து இறங்கும்.

"அண்ணாச்சி, அவ்வளவு உயரத்துல குளிர்ல எண்ணெய் உறையாதா?"

"அதுக்குன்னு தனி எண்ணெய் இருக்குல்லா. அது கெடக்கட்டும், எங்க வீட்டு ஃபேன் டக்கு டக்குங்குது. என்ன செய்ய?"

"புஷ் தேஞ்சிருக்கும். கழட்டிக் கொண்டாங்க."

"கழட்டத்தான் ஏணி இல்லையே."

"ஜெட் இன்ஜினக் கழட்டுன ஆளு ஃபேனுக்கு ஏணி தேடுதாரு" என்பார் தறிக்காரர். இப்படித்தான் போகும். மிக்சி கப்ளர், கசிகிற தொட்டி, சைக்கிள் ட்யூபை வெட்டிக் குழாயில் கட்டுகிற வித்தை எல்லாம் அந்த மாடியில்தான் பரிமாறப்பட்டன.

இந்த மாசி மாதம் தறிக்காரர் ஒரு கவலையோடு வந்தார். அவர் மனைவியின் அக்கா திருவனந்தபுரத்தில் இருக்கிறார். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. சென்னையில் மகன் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும்; ரயிலில் அவ்வளவு நேரம் உட்காரக் கூடாது, விமானத்தில் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணைக்குப் போக இவர் மனைவியை விட்டால் ஆள் இல்லை. அவரோ அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து, விமானத்தில் மட்டும் ஏற மாட்டேன் என்று அழுகிறார்.

"மல மேல போகுமாம்ல, எறக்கிவிடச் சொன்னாக்கூட எறக்கிவிட மாட்டானாம்லங்கா. என்ன சொல்ல?" என்றார் தறிக்காரர்.

அண்ணாச்சி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை போகிற விமானம் மலையைத் தாண்டியதும் அநேகமாக நம் தலைக்கு மேல்தான் வருகிறது. தறிக்காரர் அதையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, நீ போற ஏரோப்ளேன் நம்ம ஊரு வழியாத்தான் போவுது. மலயத் தாண்டுனதும் குனிஞ்சு பாரு. வெள்ளையா நீளமா ஒரு கோடு தெரியும். அங்கன நான் நிப்பேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "நெசமா நிப்பியளா?" என்று கேட்டது.

"நெசமா."

"அப்ப ஏறுதேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று. அவ்வளவு உயரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியக் கோடு எம்புட்டு அகலம் வேண்டும்? வாரம் முழுக்க இதே ஆராய்ச்சி. ஒற்றைத் துணி பத்தாது, பக்கத்தில் பக்கத்தில் நாலைந்து வரிசையாக விரித்தால் தெரியும் என்றார் அண்ணாச்சி. அதற்கென்ன பஞ்சம்? தறிக்காரரிடம் வெளுத்த பேண்டேஜ் துணி சுருள் சுருளாகக் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் வைக்க, என் கடையில் கிடந்த செத்த மோட்டார்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனேன். கூடவே ஏரியலையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை சத்திரப்பட்டியில், துணி வெளுக்கிற பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் நல்ல நீளத்துக்கு விரித்தோம். பார்க்கவே அம்சமாக இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து போன் வந்தது. ஏறி உட்கார்ந்தாயிற்று, ஜன்னல் சீட்டுதான், போனை அணைக்கச் சொல்கிறார்கள், வைக்கிறேன். அவ்வளவுதான்.

எங்கள் கோடு மேலிருந்து எந்த இடத்தில் தெரியும் என்று பார்க்க, அண்ணாச்சி தன் போனில் வானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படத்தைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே, இங்க வாங்க."

போய்ப் பார்த்தோம். சத்திரப்பட்டியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கோடு. ஒவ்வொரு பட்டறைக்குப் பின்னாலும் துணி காய்கிறது. தலையை நிமிர்த்தி ஊரைப் பார்த்தோம். நல்ல வெயில். அன்றைக்கும் எல்லாக் களத்திலும் வெளுத்த துணியை நீள நீளமாக விரித்துப் போட்டிருந்தார்கள். தினமும் அதன் நடுவே நடக்கிறோம். மூன்று பேரில் ஒருவருக்காவது உறைக்கவில்லை.

"அவ எந்தக் கோட்டப் பாப்பா?" என்றார் தறிக்காரர். முகம் வெளுத்துவிட்டது. "எங்கன நிக்கேன்னு தெரியாம தேடுவால்லா. பொய் சொல்லி ஏத்திவிட்டுட்டான்னு நெனப்பா."

கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. போன் அணைந்துவிட்டது. என் லேப்டாப்பில் விமானம் தெரிய ஆரம்பித்திருந்தது.

"கோட்ட மாத்து. எவனும் வட்டமாத் துணி காயப்போட மாட்டான். வட்டமாக்கு" என்றார் அண்ணாச்சி.

மூன்று பேரும் பாய்ந்தோம். மோட்டார்களை உருட்டித் தள்ளித் துணியை இழுத்தோம். ஈரம் காய்ந்த பேண்டேஜ் துணி கையில் நிற்காது. இழுத்தால் கோணும், விட்டால் பறக்கும். பட்டறையில் துணி பிழிந்துகொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"என்னண்ணே, மண்ணுக்கு என்ன காயம்? இம்புட்டுப் பெரிய கட்டு?" என்றார் ஒருவர்.

"சிரிக்காம அந்த முனையப் பிடி தாயி. என் வீட்டுக்காரி மேல வாரா."

அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். என்ன புரிந்ததோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தார்கள். வட்டம் வட்டமாக வரவில்லை. ஒரு பக்கம் சப்பி, ஒரு பக்கம் பிதுங்கி, கடைசியில் மூடுவதற்குத் துணியும் பத்தவில்லை. அதற்குள் மேற்கே மலைப் பக்கம் சத்தம் கேட்டது.

சின்னதாக, வெள்ளியாக, மேகம் இல்லாத வானத்தில் அது போனது. எத்தனையோ விமானம் பார்த்திருக்கிறேன். இதன் எண், உயரம் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. தறிக்காரர் வட்டத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த உயரத்துக்கு மனிதன் தெரிய மாட்டான் என்று அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். அவரும் துண்டை எடுத்து வீசினார்.

அது போன பிறகு யாரும் துணியைச் சுருட்டவில்லை. பட்டறைப் பெண்கள் டீ வாங்கி வரச் சொன்னார்கள். குடித்தோம். தறிக்காரர் மட்டும் டம்ளரைக் கையில் வைத்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"எறங்கியாச்சுங்க. அக்கா நல்லா இருக்கா."

"பயந்தியா?"

"ஏறயில அக்கா கையப் புடிச்சுக்கிட்டேன். பொறவு எங்கங்க பயப்பட? மல தாண்டுனா கோடு தெரியும்னியள. பாத்தா ஊரு முழுக்கக் கோடு. இதுதான் அவருன்னு நான் ஒண்ணச் சொல்ல, இல்ல அதுன்னு அக்கா ஒண்ணச் சொல்ல, ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிக்கயில மதுர வந்திருச்சுன்னு பக்கத்துல இருந்தவரு சொல்லுதாரு."

தறிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "வட்டமா எதுவும் பாத்தியா?"

"வட்டமா? அப்படி ஒண்ணும் இல்லையே. கம்மாக்கரை ஓரமா நேரா, நல்ல நீளமா ஒண்ணு கெடந்துச்சு. ஒரு கோணல் இல்ல. அதான் நீங்கன்னு அக்காட்டச் சொன்னேன். அதான?"

கண்மாய்க்கரை எங்கள் பொட்டலுக்கு நேர் எதிர்த் திசை. அங்கே காய்வது வேறொரு பட்டறைத் துணி என்பது பொட்டலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். எதையும் தப்பாக விட்டுப் பழக்கமில்லாத அண்ணாச்சி வாயைத் திறந்தார். துணி பிழிகிற பெண் ஒருத்தி அவர் கையில் காலி டம்ளரைத் திணித்தாள்.

"ஆமா. அதான். அங்கனதான் நின்னேன்" என்றார் தறிக்காரர்.