படத்தின் அடியில் ஒரு வரி எண்கள்

அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. வேர்களுக்கு நடுவே ஓர் எறும்புத்தின்னி. அதன் வாலைப் பற்றியபடி ஒரு குட்டி. அடியில் ஒரு வரி எண்கள். கேமரா கட்டிய மரம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் அட்சரேகையும் தீர்க்கரேகையும்.

எடுத்தவள் என் மகள். பெட்டாலிங் ஜெயாவில் நல்ல பொறியியல் வேலையை உதறிவிட்டு, வனவிலங்கு ஆய்வில் முதுகலைக்குச் சேர்ந்தாள். "இதுக்காம்மா படிக்க வெச்சேன்? காட்டுல குரங்கு எண்ணவா?" என்று கேட்டேன். "எண்ணுறது கம்ப்யூட்டருப்பா. எது குரங்குன்னு நான் காட்டிக் குடுக்கிறேன், அவ்ளோதான் லா." ரவாங் பக்கத்துக் காட்டில் கேமராக்கள் கட்டி, அவை அனுப்பும் படத்தில் விலங்கைத் தானே கண்டறியும் நிரலை எழுதினாள். ஈராண்டாகப் பன்றியும் குரங்கும்தான் வந்தன. பிறகு இந்தப் படம். எனக்குத்தான் முதலில் அனுப்பினாள். 'செதிலுக்காகப் பிடிக்கிறவங்க இருக்காங்க, யாருக்கும் அனுப்பாதீங்கப்பா' என்றும் எழுதியிருந்தாள்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். பிரிக்பீல்ட்ஸில் தேநீருக்குக் கூடும் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். எண்களை வெட்டத் தெரியாதவனல்ல. அளவைக்காரர்களுக்கு, இடம் குறிக்கும் புள்ளி இல்லாத படத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. "அண்ணே, அப்பன் மாதிரியே மவளும் புள்ளிய விடல லா!" என்று ஒருவர் எழுதினார். அதை நாள் முழுதும் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் அதே படம், முன்பின் தெரியாத ஒருவர் வழியாகக் கோயில் குழுவில் எனக்கே வந்தது. மகளிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கேமரா அனுப்பிய கடைசிப் படத்தில் ஒரு கையும் கோணிப்பையும் இருந்தன.

மற்றவர்கள் அறிந்தவரை, இடம் தெரிந்தவர்கள் மகளும் அவளுக்குக் காட்டில் வழிகாட்டிய ஓராங் அஸ்லிப் பழங்குடிக்காரரும் மட்டுமே. மகளின் பேராசிரியர் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். "அவரு செய்ய மாட்டாருப்பா" என்று சாப்பாட்டு மேசையில் அழுதாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவளே, "அவராத்தான் இருக்கும்பா. வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கைப்பேசியை அவள்முன் வைத்தேன்.

குழுவில் வந்த பாராட்டுகளையெல்லாம் நிதானமாகப் படித்தாள். "கார எடுங்க. அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

அந்த வழிகாட்டியின் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். மலாயில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "குட்டியையுமா?"

பேராசிரியர் மறுபடி அழைத்தும் அவர் வேலைக்குத் திரும்பவில்லை. மகள் இப்போதும் படமெடுக்கிறாள், எனக்கு அனுப்புவதில்லை. நேற்று அந்தப் பழைய படத்திலிருந்து எண்களை வெட்டிப் பார்த்தேன். பயனில்லை. எனக்கு அவை மனப்பாடம்.