பாட்டில்லாத படம்

எங்கள் வீட்டில் ஒரு வருடம் பாட்டுக்குத் தடை இருந்தது. சட்டம் போட்டவர் அம்மா. மாமி செத்துப்போன வருடம் அது. மாமி என்றால் அம்மாவின் தம்பியுடைய மனைவி. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி மாமாவும் மாமியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது.

துடக்கு என்கிற தீட்டு முப்பத்தோராம் நாளோடு கழிந்துவிட்டது. ஐயரே அப்படித்தான் சொன்னார். ஆனால் அம்மாவின் துக்கம் ஐயரின் துக்கத்தைவிட நீளமானது. ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் படம் இல்லை, பாட்டு இல்லை, கோயில் தேருக்குப் போவதில்லை, என் பிறந்தநாளுக்குக் கேக்கும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியை ஒரு பழைய நூல் சேலையால் மூடிவிட்டார். செய்தி பார்க்க வேண்டுமென்றால் அப்பா சேலையைத் தூக்கிவிட்டுப் பார்த்து, முடிந்ததும் திரும்ப மூடவேண்டும். கார்ட்டூனின் தொடக்கத்தில் வரும் அரை நிமிடப் பாட்டும் பாட்டுத்தான் என்று தீர்ப்பாகிவிட்டதால் என் வாயிலும் மண் விழுந்தது.

மாமா செத்தவீட்டில் அழவில்லை. சனம் இருக்கக் கதிரை தூக்கினார், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், கடதாசிகளில் கையெழுத்து வைத்தார். குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற பெண்கள் அதைப்பற்றிக் குசுகுசுத்தது எனக்கும் கேட்டது. "கல்லுப்போல நிக்கிறான் மனிசன்" என்றார் ஒருவர். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். சாப்பிடுவார், சேலை மூடிய தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பார், ஆறு மணிக்கு "போட்டு வாறன்" என்று எழும்பிவிடுவார். மூன்று மணித்தியாலத்தில் அவர் பேசியது அந்த இரண்டு சொல்லாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிறு நான் தொலைக்காட்சிக்காகப் பெரிதாக அழுது அடம்பிடித்தேன். மாமா பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை, நகர நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போகும் என்னோடு தானும் வருவதாகச் சொன்னார். எனக்குப் பெரிய ஆச்சரியம். மாமா வேலைசெய்தது இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில். நூலகத்தில் அவருக்கு என்ன அலுவல்?

அவர் நேரே டிவிடி அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார். ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டி, "பின்னால என்ன எழுதியிருக்கு? ஆட்டம் பாட்டு இருக்கோ? சண்டை இருக்கோ?" என்று கேட்டார். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. கடைசியில் ஒரு ஜப்பானியப் படம் கையில் வந்தது. அட்டையில் ஒரு வயதான மனிதர் மேசைக்கு முன்னால் தனியாக இருந்தார். பின்பக்கத்தில் இருந்ததை நான் வாசித்து, "தனிமையும் துக்கமும் பற்றிய அமைதியான படமாம்" என்று சொன்னேன்.

"இது காணும்" என்றார் மாமா. "இதுக்கு உன்ரை அம்மா ஒண்டும் சொல்லேலாது."

என்ன மூளை மாமாவுக்கு! எனக்காகத்தான் இந்தத் தந்திரம் செய்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. அம்மா லேசில் மசியவில்லை. "படம் எண்டால் படந்தானே" என்றார்.

"அக்கா, இதிலை பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. இதுவும் ஒரு செத்தவீடுதான். நாங்கள் போய் இருந்திட்டு வாறது மாதிரி நினையுங்கோ."

அம்மா யோசித்தார். ஒரு பாட்டு வந்தாலும் உடனே நிப்பாட்டிப்போடுவேன் என்ற நிபந்தனையோடு சேலையைத் தூக்கினார். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டு எப்போது வரும் என்று காவல் இருந்தார். நடுவில் குடித்துவிட்டு வந்த ஒரு கிழவர் ஏதோ முனகினார். அம்மா ரிமோட்டை நீட்டிவிட்டார்.

"அது பாட்டில்லை அக்கா, வெறிகாரன் புலம்புறான்" என்று மாமா பதறினார்.

அம்மா என்னைப் பார்த்தார். படத்தின் கீழே ஜெர்மன் எழுத்து வரும். அதைப் பார்த்துத் தமிழில் சொல்வது என் வேலை. வீட்டில் எனக்கு அது புதிய வேலை இல்லை. கடிதம் வந்தாலும் நான்தான், டொக்டரைப் பார்க்க முன்கூட்டி நேரம் குறிக்கும் டெர்மினுக்குத் தொலைபேசி எடுப்பதும் நான்தான். கிழவர் முனகியபோது கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுத்து இல்லாதபடியால் அது பாட்டில்லை என்று முடிவானது.

ஆனால் ஐயோ, அந்தப் படம்! மனைவி செத்துப்போன ஒருவர். அவர் வேலைக்குப் போவார், வருவார். கதவைத் திறந்து ஏதோ ஒரு சொல் சொல்வார், கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தோடம்பழம் உரிப்பார். அவ்வளவுதான் கதை. மனைவி எப்படிச் செத்தார் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். நித்திரையால் எழும்பி வந்த அப்பா பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இவன் இன்னும் அந்தத் தோடம்பழத்தை உரிச்சு முடிக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுக்கப் போய்விட்டார்.

கதவடியில் அவர் சொல்லும் சொல்லுக்குக் கீழே வந்த எழுத்தை "நான் வந்திட்டன்" என்று மாற்றிச் சொன்னேன். அந்த ஊரில் வீட்டுக்கு வந்தால் அப்படிச் சொல்வார்களாம், உள்ளே இருப்பவர் பதில் சொல்வாராம். படத்தில் அது பதினொரு தடவை வரும். ஐந்தாம் தடவைக்குப் பிறகு எனக்கு அலுத்துவிட்டது. மாமா விடமாட்டார்.

"இப்ப என்ன சொன்னவர்?"

"நான் வந்திட்டன் எண்டு."

"இப்ப?"

"அதேதான் மாமா!"

படம் முடிந்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த கிழமை வேறு படம் எடுப்போம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு மாமா ஒரு பை தோடம்பழத்தோடு வந்து இருந்து, "அதையே போடு பிள்ளை" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதே. தவணை முடிய, என்னை நூலகத்துக்கு அனுப்பித் தவணை நீட்டச் சொன்னார். ஆறு ஞாயிறு அந்த மனிதர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். ஆறு ஞாயிறும் நான் அவருக்குக் குரல் கொடுத்தேன். மாமா கண் கலங்காமல், வேலைக் கட்டளை கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. சனிக்கிழமை ஒருவரிடமும் சொல்லாமல் டிவிடியை நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிறு மூன்று மணிக்கு மாமா வந்ததும், வேறு ஆரோ கேட்டிருக்கிறார்களாம், இனித் தவணை நீட்ட ஏலாதாம் என்று கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொன்னேன். கேட்டவரும் இல்லை, ஒருவரும் இல்லை.

மாமா தோடம்பழப் பையை மேசையில் வைத்தார். சேலை மூடிய தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப நீ சொல்லன்" என்றார். "உனக்குத்தானே எல்லாம் பாடம்."

சரி, இதோடு தொல்லை ஒழியட்டும் என்று வேகமாகச் சொன்னேன். "ஒரு ஊரிலை ஒருத்தர் இருந்தவர். அவரின்ரை மனிசி செத்துப்போனா. அவர் வேலைக்குப் போறார், வாறார், தோடம்பழம் சாப்பிடுறார். முடிஞ்சுது."

"இல்லைப் பிள்ளை, நீ விட்டிட்டாய்" என்றார் மாமா. "முதல்ல ஒரு காலமை. நெஞ்சுக்கை ஏதோ பிடிச்ச மாதிரிக் கிடக்கு எண்டு அவ சொன்னவ. இவர் சப்பாத்துக் கொழுவிக்கொண்டு நிக்கிறார். வேலைக்குப் பிந்திப்போச்சு. திங்கக்கிழமை டெர்மின் எடுப்பம், நீ கொஞ்சம் படு எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். திரும்பியும் பார்க்கேல்லை." குசினியில் அம்மா திறந்துவிட்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. மாமா ஒரு தோடம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பின்னேரம் வந்து, கதவைத் திறந்து, நான் வந்திட்டன் எண்டு சொன்னவர்."

அதோடு நிறுத்திவிட்டார். எனக்கோ பொறுக்க முடியவில்லை. ஆறு கிழமை ஒரு வரி விடாமல் வாசித்தவள் நான். வகுப்பில் யாராவது பிழையாகச் சொன்னால் முதலில் கை தூக்குபவளும் நான்தான்.

"மாமா, படத்திலை அப்பிடி ஒண்டுமே இல்லை" என்றேன். "மனிசி என்னெண்டு செத்தவ எண்டு ஒரு இடத்திலையும் வரேல்லை. டெர்மினும் வரேல்லை. நான்தானே எல்லாம் வாசிச்சனான். நீங்கள் பிழையாச் சொல்லுறீங்கள்."

"ஓம் பிள்ளை" என்றார் மாமா. "நான் மாறிச் சொல்லிப்போட்டன்."

அடுத்த கணம் என் உச்சந்தலையில் ணங்கென்று ஒரு குட்டு விழுந்தது. ஈரக் கையோடு அம்மா நின்றார். என்னை அதற்கு முன்னும் அம்மா குட்டியிருக்கிறார், ஆனால் அவ்வளவு பலமாக இல்லை. அவருடைய முகமும் நான் அதுவரை கண்டிராத முகமாக இருந்தது. அடித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கு வலியைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது. நூலகத்தைப் பற்றிச் சொன்ன பொய்யை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளதைச் சொன்னதற்குக் குட்டு! இது என்ன நியாயம் என்று வாய்விட்டு அழுதேன். மாமா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினார். தோடம்பழத்தை உரித்து, பாதியை என் கையில் வைத்தார். நான் விம்மி விம்மிச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்குவது என் தோளில் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். செத்தவீட்டில் அழாத மாமா, ஆறு ஞாயிறும் கண் கலங்காத மாமா, மற்றப் பாதித் தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அவ்வளவு அன்பு பெருகியது. அம்மா எனக்குக் குட்டியதைத் தாங்க முடியாமல்தான் மாமா இப்படி அழுகிறார் என்று நினைத்து, "பரவாயில்லை மாமா, எனக்கு இப்ப நோகேல்லை" என்று சொன்னேன்.