சிவப்புக் கோடு இல்லாத தாள்

எங்கள் வீட்டில் எழுதுவதற்கென்று தாள் வாங்கும் வழக்கம் இருந்ததில்லை. அப்பா துறைமுகத்தில் சரக்கு கையாளும் ஒரு கம்பெனியின் கிட்டங்கிக் காப்பாளர். கப்பலில் வந்ததும் கப்பலுக்குப் போகவேண்டியதும் தங்கியிருக்கும் அந்தப் பெரிய கொட்டடிகளின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கும். அங்கே எழுதிக் கழித்த சரக்குச் சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருக்குமல்லவா, மேலாளரின் அனுமதியோடு அவற்றை எனக்காகக் கொண்டுவருவார். கொண்டுவருமுன் ஒவ்வொரு சீட்டின் முன்பக்கத்திலும் மூலைக்கு மூலை சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவார். கோடு விழுந்துவிட்டால் அந்தச் சீட்டின் ஆயுள் முடிந்தது. அதன் பிறகே அது என் வீட்டுப்பாடமாகப் பிறவி எடுக்கலாம். ஒரு பக்கம் மரத்தடியும் முந்திரிக்கொட்டையும் உர மூட்டையும், மறு பக்கம் என் பின்னக் கணக்குகளுமாக என் பள்ளிப் பருவம் கழிந்தது. கோடில்லாத சீட்டு எதுவும் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. ஒரு முறை தவறி வந்துவிட்ட ஒன்றைத் திருப்பி வைப்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மிதிவண்டியில் துறைமுகம்வரை போய்வந்த மனிதர் அப்பா.

நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டில் அந்தப் புயல் வந்தது. காற்று ஓர் இரவோடு போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. முத்தையாபுரத்தில் எங்கள் தெரு சற்றே மேடு. உப்பளங்களை ஒட்டிய தாழ்ந்த தெருக்களில் இருந்தவர்கள் எல்லோரும் நான் முன்பு படித்த தொடக்கப் பள்ளியில் வந்து ஏறியிருந்தார்கள். அந்தப் பள்ளியின் நீண்ட கட்டடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த பாதிக்குக் கீழே அத்தனை குடும்பங்களும் நெருக்கிக்கொண்டிருந்தன. என் பழைய ஐந்தாம் வகுப்பு அறையில், கரும்பலகைக்கு அடியில், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் பிறந்து நான்கு நாளான பிள்ளையோடு படுத்திருந்தாள். பிள்ளைக்கு நெஞ்சில் சளி. அது மூச்சு வாங்கும் சத்தம் அறை வாசலில் நின்றாலே கேட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து மருந்து கொடுத்துவிட்டு, இன்னொரு முறை நனையவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. ஆனால் துறைமுகத்தில் மறுபடியும் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி வந்தது. மாலைக்குள் அடுத்த மழை இறங்கும் என்றார்கள்.

அப்பாவின் அக்காவான என் அத்தை எங்கள் காம்பவுண்டிலேயே அடுத்த வீட்டில் இருந்தாள். தெருவின் மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. இரண்டு நாட்களாகக் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு துறைமுகச் சாலையில் இருந்த கம்பெனிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனியில் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு கம்பெனியில் சொல்வதற்கு ஆள் இல்லை. மூன்றாவது கம்பெனி பிஸ்கட் பொட்டலங்கள் கொடுத்தது. கொடுப்பதற்கு முன் தன் பெயர் எழுதிய பதாகையைப் பெண்கள் கையில் பிடிக்கக் கொடுத்து, மூன்று கோணங்களில் படமும் எடுத்துக்கொண்டது.

"பிஸ்கட்ட வச்சே கூர மேஞ்சிக்கிடச் சொல்லுதான் போல," என்று அத்தை வீட்டுக்கு வந்து பொட்டலத்தை வீசினாள்.

பள்ளிக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய். கிட்டங்கிக்கு வெளியே அடுக்கும் சரக்கை மழையிலிருந்து மூடுவதற்காக ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்கும் கனத்த, அகலமான பாய்கள். அவற்றை அதிகம் வைத்திருந்தது அப்பாவின் கம்பெனி. அதன் மேலாளரோ, எல்லாப் பாயும் சரக்கின் மேல் கிடக்கிறது, உபரியாக ஒன்றுகூட இல்லை என்று முந்தைய நாளே கைவிரித்துவிட்டார்.

அன்று காலை அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அத்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, நெசத்தச் சொல்லு. உங்க கம்பெனில பாய் இருக்கா, இல்லியா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா? கிட்டங்கிச் சாவி உன் இடுப்புலதான தொங்குது! இல்ல, உன் பொண்டாட்டி இடுப்புல தொங்குதா?"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மைனி, அவுக வாயத் தொறந்தா நாளைக்கு வேலை இருக்காது. உள்ள இருக்கத வெளிய சொல்லக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் எழுதி வாங்கிருக்கான். உங்களுக்குத் தெரியாததா?"

"அங்கன ஒரு பச்ச மண்ணு மூச்சுக்குத் தவிக்கு. இங்கன இவனுக்கு வேலை பெருசாப் போச்சோ?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்ட பொத்தானையே மறுபடி அவிழ்த்துப் போட்டார். எனக்கு அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பள்ளியின் வாசலில் நின்று அந்தப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். என் அப்பா ஒரு கோழை என்று அன்றுதான் முதன்முதலாகவும், மிகுந்த தெளிவோடும் தீர்மானித்தேன். பதினொரு வயதில் தீர்ப்புகள் விரைவாக எழுதப்பட்டுவிடுகின்றன.

அத்தை அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். நிவாரணம் கேட்பதற்காக வட்டாட்சியர் எல்லாக் கம்பெனிக்காரர்களையும் அன்று பதினொரு மணிக்குக் கூட்டியிருந்தார். ஜெனரேட்டர் ஓடிய இடம் அதுதான் என்பதால் அப்பாவின் கம்பெனிக் கூடத்திலேயே கூட்டம். அங்கே கொடுக்க ஒரு மனு வேண்டும்.

"நீதானளா முத்து முத்தா எழுதுவ. எடு தாள."

என் தாள் கட்டு புயலன்று ஒழுகிய மூலையில் இருந்ததால் ஊறிப்போய் அப்பளம்போல் ஒட்டிக்கிடந்தது. நான் அதைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, செருப்பு மாட்டப் போன அப்பா திரும்பி வந்தார். தன் பையிலிருந்து மடித்த ஒரு சீட்டை எடுத்தார்.

"இந்தா பிள்ள, இதுல எழுது. நனையாத தாளு."

வாங்கிக்கொண்டு முன்பக்கத்தைப் பார்த்தேன். அவருடைய சாய்வான ஆங்கில எழுத்துகள், கம்பெனி முத்திரை, கீழே கையெழுத்து. சிவப்புக் கோடு இல்லை. அதை நான் கவனித்தேன். கேட்கவும் வாயெடுத்தேன். ஆனால் கோழையிடம் பேசக் கூடாது என்று சற்று முன்தான் முடிவெடுத்திருந்தபடியால், தாளைத் திருப்பிப்போட்டு எழுத உட்கார்ந்தேன். அவர் ஒரு நிமிடம் என் தலைக்கு மேல் நின்றார். பிறகு மிதிவண்டியின் சத்தம் கேட்டது.

கம்பெனி முதலாளிமார்களுக்கு என்று தொடங்கி, பிள்ளையைப் பற்றி, கூரையைப் பற்றி, மாலையில் வரப்போகும் மழையைப் பற்றி எழுதினேன். பெண்களின் கையெழுத்தும் கைநாட்டுமாகத் தாள் அடிவரை நிரம்பியது.

அத்தையோடு நான் போனபோது, கூட்ட அறையில் நீளமேசையைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் அமர்ந்திருந்தார்கள். எல்லோர் முன்னும் தண்ணீர் பாட்டில். மூன்று நாட்களாக நாங்கள் கண்ணால் பார்க்காத தெளிந்த தண்ணீர். மேசையின் தலைமாட்டில் வட்டாட்சியர், கண்ணாடி அணிந்த நடுவயதுப் பெண்மணி. ஒவ்வொருவராகத் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் மேலாளர் மிகவும் பண்பானவர். எழுந்து நின்றே பேசினார்.

"எங்க தார்ப்பாய் எல்லாமே யார்டுல கார்கோ மேல இருக்கு மேடம். இருந்திருந்தா நாங்களே கொண்டுவந்து கட்டிக் கொடுத்திருப்போம்."

அத்தை என் முதுகில் தட்டினாள். நான் மனுவை வாசித்தேன். பிள்ளையின் மூச்சைப் பற்றிய இடத்தில் சற்று நின்றுபோனேன். வாசித்து முடித்ததும் வட்டாட்சியர் கைநீட்டி மனுவை வாங்கினார். கையெழுத்துகளைப் பார்த்தார். மனுக்களில் கையெழுத்து மிகுந்தால் பின்பக்கத்திலும் தொடரும். அந்தப் பழக்கத்தில் தாளைத் திருப்பினார்.

அப்புறம் அவர் மீண்டும் மனு இருந்த பக்கத்துக்கு வரவில்லை.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலாளரைப் பார்த்தார்.

"மூணாம் நம்பர் கிட்டங்கியில என்ன சார் இருக்கு?"

மேலாளர் புன்னகையோடுதான் தாளை வாங்கினார். வாசிக்க வாசிக்க அந்தப் புன்னகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. புயலுக்கு இரண்டு நாள் முன்பு லாரியில் வந்து, மூன்றாம் கிட்டங்கியில் இறக்கப்பட்ட புத்தம்புதுத் தார்ப்பாய்க் கட்டுகளுக்கான சீட்டு அது.

"இது... அடுத்த கப்பலுக்காக வச்சிருக்கிறது மேடம். பார்ட்டியோட சரக்கு..."

"கப்பல் எப்ப வருது?"

"கடல் அடங்கினதும்."

"மழை இன்னைக்குச் சாயங்காலம் வருது," என்றார் வட்டாட்சியர். "சாவி யார்கிட்ட?"

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஈரச் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்து நின்றார். மேலாளர் தாளை உயர்த்திப் பிடித்தார். இப்போது அவர் குரலில் பண்பு இல்லை.

"இது எப்படிய்யா வெளியே போச்சு?"

அப்பா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்:

"பிள்ள வீட்டுப்பாடம் எழுதப் பழைய சீட்டு எடுத்துட்டுப் போறது வழக்கம் சார். உங்களுக்கே தெரியும். என் பையில இருந்தத பழசுன்னு நெனச்சு எடுத்துட்டா போலுக்கு. தெரியாமச் செஞ்சுட்டா. சின்னப் பிள்ள."

நான் எடுக்கவில்லை. அப்பாவின் பையை நான் தொட்டதே இல்லை. கோழை என்று மட்டும் நினைத்திருந்தவர் பொய்யர் என்றும் ஆகிவிட்டார். அதுவும் இத்தனை பேர் நடுவில், என் தலையில் வைத்து.

"இல்ல, அப்பாதான்..." என்று தொடங்கினேன்.

தோளில் கிடந்த அத்தையின் கை இறுகியது. அவள் நகம் என் சதையில் பதிந்தது. காலையில் அப்பாவை அந்த ஏச்சு ஏசியவள், அப்போது மேலாளரைப் பார்த்துக் குழைந்துகொண்டு சொன்னாள்:

"ஆமா சார், எனக்கு முன்னாலதான் எடுத்தா. நாந்தான் கண்டுக்கிடாம விட்டுட்டேன். விவரம் பத்தாத களுத!"

மேலாளர் என்னைப் பார்த்தார். "அப்பாதான்னா? அப்பாதான் என்ன பாப்பா?"

அறை முழுவதும் என் வாயைப் பார்த்தது. அப்பா மட்டும் பார்க்கவில்லை. தன் வெறும் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புச் சாவிக்கொத்தை அவர் கை பற்றியிருந்தது, அது ஒலிக்காமல் இருப்பதற்காகப் பிடித்திருப்பதுபோல. உண்மையைச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அந்த நேரத்தில் வட்டாட்சியர் குறுக்கே புகுந்தார். "பாப்பா, இது உன் எழுத்தா? ரொம்ப நல்லா இருக்கே. இங்க வா, உன் பேரையும் கீழ எழுது." என்னைத் தன் பக்கம் இழுத்துக் கையில் பேனாவைக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, என் தலைக்கு மேலாக, "கிட்டங்கியத் திறங்க சார், நேரமாகுது," என்றார். நான் என் பெயரை எழுதி முடித்தபோது அப்பா அறையில் இல்லை. நாற்காலிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு கம்பெனியால் 'இல்லை' என்று சொல்ல முடியாமல் போய்விட்டதைப் பார்த்த மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியது: ஒருவருக்கு லாரி, ஒருவருக்குக் கயிறு, தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தவருக்குச் சவுக்குக் கம்பு.

மழை நான்கு மணிக்கு இறங்கியது. கூரையில் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்பா. சரக்கின் மேல் பாயை இழுத்துக் கட்டும் கட்டு அவருக்குத்தான் தெரியும். புதுப்பாயின் மேல் துளிகள் விழுந்த சத்தத்தில் பிள்ளையின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அதன் தாய் பயந்துபோய்க் குனிந்து நெஞ்சில் காதை வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நிமிர்ந்து, தலையசைத்தாள்.

அப்பாவுக்கு வேலை போகவில்லை. தவறு பிள்ளையுடையது என்பதால் கம்பெனியால் அதற்குமேல் போக முடியவில்லை. அடுத்த மாதம் சாவிக்கொத்து வேறொருவர் இடுப்புக்குப் போயிற்று; அப்பாவை லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு மாற்றினார்கள். பழைய சீட்டுகள் வருவது நின்று, எனக்கு முதன்முதலாகக் கடையிலிருந்து கோடு போட்ட நோட்டு வந்தது. அப்பா தான் சொன்ன பொய்க்குப் பரிகாரமாக வாங்கியது என்று எண்ணி, பல வாரங்கள் நான் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். ஒரு சீட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டி மிதித்த மனிதர் கோடு போட மறந்திருக்க மாட்டார் என்பதும், அந்த அறையில் இருந்த பெரியவர்களில் மூன்று பேருக்காவது அது அப்போதே விளங்கிவிட்டது என்பதும் எனக்குத் தெரிய இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

அன்று மாலை அவர் கூரையிலிருந்து இறங்கி, சொட்டச் சொட்ட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் போட்ட டீயில் ஒரு தம்ளரை என்னிடம் நீட்டினார்.

"நீங்க பொய் சொன்னீங்க," என்றேன்.

"ஆமா," என்றார். "ஆறிரும், குடி."

நான் வாங்கவில்லை. அவர் சட்டைப்பையில் சிவப்புப் பேனா எப்போதும்போல் மூடியோடு செருகியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அந்தத் தார்ப்பாயின் கீழேயே, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.